காண்டர்ஸ்டேக்கில் ஒரு பிலிப்பைன்ஸ் போர்ப்படமும் என் அறுபது ரோல்ஸும்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் என்ன எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும். எந்த ஏரிக்கு எந்த ரெயில், பிள்ளைகளுக்கு ரிக்கெற் எவ்வளவு, கட்டிக்கொண்டுபோன புட்டை எந்த வாங்கில் இருந்து சாப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், இப்படியானவை. இந்தமுறை நான் காட்சி பார்க்கப் போகவில்லை. பொறாமையில் போனேன். முகம்கூடத் தெரியாத, தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் மேல் பொறாமை. போன செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமை, ஓல்டனிலிருந்து காண்டர்ஸ்டேக் வரை, 39 பிராங் செலவழித்து அந்தப் பொறாமையைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ஐம்பத்தைந்து வயது, யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்கு வந்தவன். ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறேன். ஒரே மகள் நிலானி. இருபத்துநான்கு வயது, பேர்ணில் படிக்கிறாள். அவளோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவள் ஜோய், இங்கேயே பிறந்த பிலிப்பைன்ஸ் பிள்ளை. ஜோயின் மச்சாள் ஒருத்தி மணிலாவில் படம் எடுக்கிறவள். ஜப்பான்காரன் பிலிப்பைன்ஸைப் பிடித்து வைத்திருந்த காலத்தைப் பற்றி அவள் ஒரு படம் எடுத்தாள். தமிழில் சொன்னால் 'கிணற்றடி வீடு' என்று வரும். அதற்குத் திரையின் கீழே ஓடும் ஜெர்மன் வசனவரியை எழுதியது என் மகள்.

இதுவரை ஒரு குறையும் இல்லை, பெருமைதான். ஆனால் அந்தப் படம் ஜோயின் தாத்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த கதை. லோலோ பென் என்பார்கள். லோலோ என்றால் தாத்தாவாம். வசனவரி சரியாக வரவேண்டும் என்று நிலானி அந்த மனிதரோடு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரெலிபோனில் கதைத்திருக்கிறாள். ஒரு மணித்தியாலம், சிலவேளை ஒன்றரை. எட்டு மாதம். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே ஒளித்தீர்கள், ஜப்பான் ஆமி வீட்டுக்குள் வந்தபோது யார் கதவைத் திறந்தது என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். எனக்கு அவள் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் நாலு நிமிடம். "அப்பா, சுகமோ? சாப்பிட்டீங்களோ? சரி, வைக்கட்டோ?"

இருபத்துநான்கு வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள்கூட, 'அப்பா, உங்கட சண்டையில் என்ன நடந்தது?' என்று அவள் என்னைக் கேட்டதில்லை. வீட்டுச் சோபாவிலேயே ஒரு யுத்தம் கால்நீட்டி இருக்கிறது. இவள் யுத்தம் தேடி மணிலாவுக்கு ரெலிபோன் எடுக்கிறாள். எரிந்தது. வயிறு எரிந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் மனிசி வசந்தியிடம் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டே, "தொண்ணூறு வயசு மனுசனோட போட்டி போடுறீங்கள். உங்களுக்கு விசர்" என்றாள். அவளுக்கு அன்று வேலை, வரமுடியாது. படம் காண்டர்ஸ்டேக்கில் ஊர் மண்டபத்தில் போடுகிறார்கள், சுவிஸ் முழுக்க இருக்கும் பிலிப்பைன்ஸ் ஆட்கள் அங்கே வார இறுதிக்குக் கூடுகிறார்கள், லோலோ பென்னும் மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார், நீங்களும் வாங்கோ என்று நிலானி அழைத்திருந்தாள். வெறுங்கையோடு போகலாமோ? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து அறுபது ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்தேன். பிலிப்பைன்ஸ் ஆட்கள் லும்பியா என்று ஒன்று பொரிப்பார்கள், எங்கள் ரோல்ஸுக்குத் தம்பி மாதிரி. அவர்களின் தட்டுக்குப் பக்கத்தில் என் தட்டை வைக்கவேண்டும், எது முதலில் முடிகிறது என்று பார்க்கவேண்டும். அதுதான் என் திட்டம்.

இனிப் பயணம். ஹல்ப்டாக்ஸ் அட்டை, அதுதான் அரைக் கட்டண அட்டை, வைத்திருப்பவர்கள் நாள் ரிக்கெற்றை இரண்டு மூன்று கிழமை முன்னரே வாங்குங்கள். நான் 39க்கு வாங்கினேன். கடைசி நாளில் பார்த்தபோது அதே ரிக்கெற் இருபது பிராங்குக்குமேல் கூடியிருந்தது. ஓல்டனில் 9.59 ரெயில், பேர்ணில் 10.26. அங்கே பதின்மூன்று நிமிடம் இருக்கிறது. ஒரு கோப்பி 4.80. குடிக்கலாம், ஆனால் ஓடவேண்டி வரும். 10.39க்குக் காண்டர்ஸ்டேக் போகும் ரெயில், மாறத் தேவையில்லை. தூன் தாண்டி ஏரிக்கரையால் போகும், இடதுபக்கம் இருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பீஸில் சிலர் வேறு ரெயிலுக்கு மாறிவிடுவார்கள். அது மலைக்கடியால், நீளச் சுரங்கத்துக்குள்ளால், நேரே வாலிஸ் பக்கம் போய்விடும். காண்டர்ஸ்டேக் மேலே இருக்கும், நீங்கள் கீழே போய்க்கொண்டிருப்பீர்கள். நீங்கள் இருக்கவேண்டியது பழைய பாதையால் சுற்றிச்சுற்றி ஏறும் மெதுவான ரெயில். புருட்டிகன் தாண்டியதும் அது மலையில் வளைந்து வளைந்து ஏறும். ஒரு இடிந்த கோட்டைக் கோபுரம் மூன்றுமுறை தெரியும். முதலில் தலைக்குமேலே, பிறகு பக்கத்தில், பிறகு காலுக்குக் கீழே. மூன்றும் ஒரே கோபுரம்தான்.

அந்தக் கோபுரத்தை நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது முன் இருக்கையில் இருந்த பெண் கதை கொடுத்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், காலடியில் ஒரு நாய். கீழே தெரிந்த கூரைகளைக் காட்டி, "அது மிட்ஹோல்ஸ். என்ர வீடு அந்தப் பச்சைக் கதவு" என்றாள். மிட்ஹோல்ஸ் பற்றிச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலக யுத்த காலத்து வெடிமருந்து அந்த மலைக்குள் இன்னும் கிடக்கிறது. அதைத் தோண்டி எடுத்து முடிக்கும்வரை, பத்து வருடமளவில், ஊர்ச்சனம் வெளியே போய் இருக்கவேண்டும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. பல வருடத்துக்கு முன்னரே அறிவித்துவிட்டார்கள்.

"எத்தனை வருசம் அவகாசம் தந்தவை?" என்று கேட்டேன். அவள் சொன்னாள். கூட்டம் வைத்தார்களாம், கடிதம் வந்ததாம், வீட்டுக்கு விலை மதிக்க ஆள் வந்ததாம். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. எங்களுக்கு ஒலிபெருக்கியில் ஒரு அறிவித்தல். அரிசிப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். இவர்களைக் கோப்பிக்கு அழைத்து இடம்பெயரச் சொல்கிறார்கள். அவளிடம் இதைச் சொல்லியே விடுவோம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "குசினியைப் போன வருசம்தான் புதுசாக் கட்டினனாங்கள்" என்றாள், கண்ணைத் துடைத்தாள். பெட்டியைத் திறந்து ஒரு ரோல்ஸ் கொடுத்தேன். பாதியை நாய்க்குக் கொடுத்தாள். ஐம்பத்தொன்பது.

காண்டர்ஸ்டேக்கில் இறங்கும்போது 11.46. உயரம் 1176 மீற்றர், கீழே இருந்ததைவிடக் குளிர் நன்றாகவே கூட. ரெயில் நிலையத்திலிருந்து மண்டபம் 900 மீற்றர், நடந்து பன்னிரண்டு நிமிடம். நுழைவு 20 பிராங், சாப்பாட்டோடு. எங்கள் ஆட்களின் கூட்டங்களுக்குப் போய்ப் பழகிய எனக்கு உள்ளே கண்டதே முதல் அடி. எங்கள் கூட்டத்தில் ஐந்து சங்கம் இருக்கும், ஒன்றுக்குப் போனால் மற்றது கோபிக்கும். இங்கே நூற்றைம்பது பேர், ஜெனீவாவிலிருந்தும் வந்திருக்கிறார்கள், எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிக்கிறார்கள். ஒருத்தி பாடத் தொடங்கினால் மண்டபமே சேர்ந்து பாடுகிறது. படம் ஒரு மணிக்கு என்று போட்டிருந்தது. ஒன்று நாற்பதுக்குத்தான் தொடங்கினார்கள். அதில் மட்டும் எனக்கு ஒரு திருப்தி, எங்களுக்குக் குறைவில்லாத ஆட்கள்தான்.

ஜோயின் தாய் தெஸ் வாசலிலேயே என்னைப் பிடித்தாள். நேர்ஸ் வேலை, குரல் பெரிது. "கூயா! நிலானியின் அப்பா! வாங்கோ!" கூயா என்றால் அண்ணை. என் தட்டை வாங்கி லும்பியாத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். நான் அதைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தபோது நிலானி வந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலி. அதில் சின்ன உருவம், தொப்பி, பெரிய காது. அவளுடைய கை அவருடைய தோளில் இருந்தது. என் தோளில் அவள் கடைசியாக எப்போது கை வைத்தாள் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"அப்பா, இவர்தான் லோலோ" என்றாள். அவளுடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, கிழவரின் கையை வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கிக் குலுக்கினேன். அவர் சிரித்தார். பல் நன்றாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

படம் ஒரு மணித்தியாலம் ஐம்பத்திரண்டு நிமிடம். தொடங்கி அரைமணித்தியாலம்வரை நான் படம் பார்க்கவில்லை, கணக்குப் பார்த்தேன். ஜப்பான்காரன் இருந்தது மூன்றரை வருடம்தானா? எங்களுடையது எத்தனை மூன்றரை! குண்டுச்சத்தம் அப்படி வராது, முதலில் வெளிச்சம் வரும். ஓடுகிற சனம் இவ்வளவு சுத்தமான உடுப்போடு ஓடாது. அவர்களின் யுத்தத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது, முடிந்த அன்று மணி அடிக்கிறார்கள், யார் கெட்டவன் என்பதில் மண்டபத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அதைப் பார்க்கவும் பொறாமை. ஒரு யுத்தத்தைக் கூட இவர்களுக்கு ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததை எழுதவே கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

பிறகு ஒரு காட்சி. ஊர் ஆண்களை வெயிலில் வரிசையாக நிற்பாட்டியிருக்கிறார்கள். தலையைப் பனையோலைக் கூடையால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்த ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். அவன் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறான். சிலருக்குத் தலையை ஆட்டுகிறான். ஆட்டியவர்களைக் கொண்டுபோகிறார்கள். நான் என்னை மறந்து, "தலையாட்டி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் கூடைக்குப் பதில் சாக்கு. மற்றதெல்லாம் அதே வரிசை, அதே வெயில். கீழே நிலானியின் வசனவரியில் அந்த ஆளுக்கு 'கொப்நிக்கர்' என்று போட்டிருந்தது. தலையை ஆட்டுகிறவன். காட்டிக்கொடுக்கிறவனுக்கு அப்படி ஒரு சொல் ஜெர்மனில் வழக்கத்தில் இல்லை. அதை நான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். இங்கே வந்த புதிதில், அகதி விசாரணை அறையில், மொழிபெயர்க்க வந்த அண்ணை தலையாட்டிக்கு ஜெர்மன் தெரியாமல் கொஞ்சநேரம் திணறி, அந்த இடத்திலேயே கட்டிய சொல் அது. இவளுக்கு எங்கே கிடைத்தது?

அதை யோசித்து முடிப்பதற்குள் படம் குசினிக்குள் போய்விட்டது. ஆமி கிணற்றடி வீட்டைப் பிடித்து அதில் இருக்கிறது. வீட்டுக்காரரைப் பின்னால் கொட்டிலுக்குத் துரத்திவிட்டு, தாயை மட்டும் கூப்பிட்டுச் சமைக்கச் சொல்கிறார்கள். அவளுடைய சொந்த அடுப்பில், சொந்தச் சட்டியில், அவர்களுக்கு. ஒன்பது வயது மகன் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரிமாறுகிறான். அந்தப் பெடியன்தான் லோலோ பென். தாய் ஒவ்வொரு நாளும் சட்டியை மூடுமுன் சுற்றிப் பார்ப்பாள், பிறகு சூப்புக்குள் துப்புவாள். முதல்முறை துப்பியபோது மண்டபம் கைதட்டிக் கூவியது. பின்னால் ஒரு கிழவி எழுந்தே நின்றாள். யுத்தம் முடிந்தபின் ஊர் அவளை ஒதுக்குகிறது, ஆமிக்குச் சமைத்தவள் என்று. தாய் துப்பிய கதையை மகன் போய்ச் சொல்ல, எல்லோரும் வந்து அவள் வாசலில் நின்று அழுகிறார்கள். படம் முடிகிறது.

மண்டபம் முழுக்க அழுதது. நான் அழவில்லை. அந்தத் தாயைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை அன்று வந்த எல்லாவற்றிலும் பெரியது. அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு துப்பலாவது இருந்தது.

இப்போது சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. தொண்ணூறுகளில் இலங்கை ஆமி எங்கள் வீட்டிலும் வந்து இருந்தது. வலிகாமத்தில், பெரிய வீடு, கிணற்றில் நல்ல தண்ணீர், அதனால். மற்றவர்கள் போய்விட்டார்கள். விட்டுவிட்டு வந்த சாமானை எடுக்கத் திரும்பிப் போன நான் பிடிபட்டேன். சமைக்கத் தெரியுமோ என்று கேட்டார்கள், தெரியும் என்றேன். எங்கள் குசினியில், அம்மாவின் அடுப்பில், நாற்பத்தொரு நாள் அவர்களுக்குச் சமைத்தேன். அவர்கள் வேறிடம் போனபோது என்னை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் எனக்குப் பெயர் ஆமிக்குச் சமைச்சவன். ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கமும் கேள்வி கேட்கத் தொடங்கியது. அதனால்தான் இங்கே வந்தேன். இதை விசாரணை அறையில் ஒருமுறை சொன்னேன். அதன்பிறகு ஒருவருக்கும் சொன்னதில்லை, வசந்திக்குக்கூட.

விளக்குப் போட்டதும் எல்லோரும் சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள். தெஸ் வந்து, தன் அப்பா லோலோ பென் என்னோடு கதைக்க விரும்புகிறார் என்றாள். போய் அந்தச் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினேன். அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"படம் பிடிச்சுதோ?"

"பிடிச்சுது. உங்கட அம்மா துணிச்சலான மனிசி."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "சட்டி தூக்கினது நான்தானே. அம்மா ஒருநாளும் துப்பேல்லை. படம் எடுத்த பேத்திதான் கேட்டாள், லோலோ, இப்படி ஒரு காட்சி வைக்கட்டோ எண்டு. சரி எண்டன். உண்மையிலயே துப்பினவவோ எண்டு ஒருவரும் என்னைக் கேட்கேல்லை, உங்கட மகள் மட்டும்தான் கேட்டவள். மூண்டாவது ஞாயிற்றுக்கிழமை."

"என்ன சொன்னனீங்கள்?"

"இல்லை, நல்லாச் சமைச்சவ எண்டு சொன்னன். எண்பது வருசம் நான் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்பதான் உங்கட மகள் சொன்னாள், இதைத்தான் நான் என்ர அப்பாட்டக் கேட்கோணும், ஆனால் கேட்கேலாது எண்டு."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நன்றி சொன்னேனோ என்றுகூட ஞாபகமில்லை.

நிலானி என் பின்னால் ஓடிவந்தாள். ரெயில் நிலையம்வரை நடந்தோம். 4.14 ரெயில் நின்றது, நாங்கள் ஏறவில்லை, அது போய்விட்டது. அடுத்தது 5.14. மேடையில் இருவர் இருக்க ஒரு வாங்கு, முன்னால் பாறை மலை. என் கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"என்ர அகதி விசாரணை எழுதின பிறோட்டக்கோலை ஏன் வாசிச்சனீ?"

"நீங்கள்தானே தந்தனீங்கள் அப்பா."

"நான் எங்க தந்தனான்?"

"சுவிஸ் பாஸ்போட்டுக்கு விண்ணப்பம் போடேக்க. எனக்குப் பதினாறு வயசு. 'எனக்கு உந்தக் கடுதாசியள் விளங்காது, நீயே பாத்து நிரப்பு' எண்டு அலுமாரித் தட்டை அப்பிடியே தூக்கித் தந்தனீங்கள். உடுப்புத் தோய்க்கிற மெசினின்ர உத்தரவாதக் கடுதாசிக்கும் குப்பைக் காசுப் பில்லுக்கும் நடுவில இருந்தது."

எங்கள் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். பெற்றோருக்கு வரும் கடிதமெல்லாம் பிள்ளைகள்தான் வாசிப்பார்கள், பிள்ளைகள்தான் பதில் எழுதுவார்கள், காப்புறுதிக்காரனோடு சண்டை பிடிப்பதும் அவர்கள்தான். எதைத் தருகிறோம் என்று பார்க்காமலே தருகிறோம். என் வாழ்க்கையின் இருபத்துமூன்று பக்கத்தையும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"வாசிச்சனியெண்டால் ஏன் ஒண்டும் கேட்கேல்லை? எட்டு வருசம்! அந்த மனுசனிட்ட எல்லாம் கேட்டாய்!"

"பதினாலாம் பக்கம்" என்றாள். அவளுக்குத் தமிழில் சொல்லவராமல் ஜெர்மனில் மனப்பாடமாக ஒப்புவித்தாள். கேள்வி, அவர்கள் உங்களை எப்படி நடத்தினார்கள்? பதில், சாப்பாடு நல்லா இருக்கெண்டு சொன்னார்கள். அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள்: விண்ணப்பதாரர் அழுகிறார். பத்து நிமிட இடைவேளை.

"அடிச்சவங்கள் எண்டு சொல்லேக்க நீங்கள் அழேல்லை. சாப்பாடு நல்லம் எண்டு சொன்னதுக்குத்தான் அழுதிருக்கிறீங்கள். ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை. நான் கேட்டால் நீங்கள் திரும்ப அழுவீங்கள் எண்டு பயம். அதுதான் இந்தப் படத்துக்கு ஜோய் ஆள் தேடேக்க, நான் செய்யிறன் எண்டு வாங்கினனான். அவரிட்டக் கேட்டால் உங்களை விளங்கும் எண்டு நினைச்சன்."

எட்டு மாதம் நான் அந்தக் கிழவர் மேல் பட்ட பொறாமை முழுக்க அந்த வாங்கிலேயே விழுந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுத்தது எனக்குத்தான்.

பிறகு அவள் கேட்டாள். மலையைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல். "அப்பா, நீங்கள் அவங்களுக்கு நல்லாச் சமைச்சனீங்களோ?"

ரெயில் வந்தது, ஏறினோம். கோபுரம் மூன்றுமுறையும் வந்து போனது. பேர்ணில் அவள் இறங்குமுன் என் தோளில் கை வைத்தாள். ஓல்டனில் வீட்டுக்கு வந்து வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நாற்பத்தொரு நாளையும். அவள் கேட்டுவிட்டு, "கலியாணம் பேசேக்கையே ஊரில சொன்னவை. எனக்கும் தெரியும், அம்மாக்கும் தெரியும். ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நீங்கள் ஒராள்தான் இருந்தனீங்கள்" என்றாள். பிறகு, ரோல்ஸ் தட்டு எங்கே என்று கேட்டாள். தட்டு காண்டர்ஸ்டேக்கிலேயே கிடந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். நான் எழுதிய நேரங்கள் அன்றைய நேரங்கள், வெளிக்கிடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். காண்டர்ஸ்டேக்குக்குப் போய் ஊஷினன் ஏரியைப் பார்க்காமல் வந்தது என் மடைத்தனம். கேபிள் கார் போய்வர முப்பது பிராங் சொச்சம், காலை ஒன்பதுக்குமுன் நின்றால் வரிசை இல்லை. செப்ரெம்பர் என்றாலும் ஒரு தடித்த சட்டை வேண்டும். ஊரில் கடைகள் சனி நாலு மணிக்கே பூட்டலாம். மிட்ஹோல்ஸ் தெரியும்போது கோபுரத்தை மட்டும் படம் எடுங்கள், வீடுகளை எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவருடைய வீடாக இருக்கலாம். பிலிப்பைன்ஸ் ஆட்களின் கூட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனால் அறுபது காணாது. என் ரோல்ஸ் படம் தொடங்குமுன்னரே முடிந்துவிட்டதாம், லும்பியா மிஞ்சியதாம். தெஸ் தட்டைத் தபாலில் அனுப்பியபோது எழுதியிருந்தாள். அலுமாரித் தட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டு அப்படியே கொடுங்கள்.

நிலானி இந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், பத்தாம் வகுப்புவரை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போன பிள்ளை. ஆறுதலாக வாசி. ஓம் பிள்ளை, நல்லாத்தான் சமைச்சனான். துப்பேல்லை. பயத்தில எண்டு இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தனான், பயமும் இருந்தது. ஆனால் மூண்டாம் நாள் ஒருத்தன், உன்னைவிடச் சின்னவன், கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டவன். எனக்குச் சந்தோசமா இருந்தது. அதுக்குத்தான் அழுதனான். அடுத்தநாளும் உப்புப் பாத்துத்தான் போட்டனான்.